ஆறு மணிக்கு அடிக்கும் மணி

சுவிஸுக்கு வந்த கதையைச் சொல்லச் சொன்னால் நாங்கள் எல்லோரும் பனியில்தான் தொடங்குவோம். முதல் ஸ்னோ, யாரோ தந்த பழைய கோட்டு, வழுக்கி விழுந்த இடம், விறைத்த விரல். வசந்தத்தைப் பற்றி யாரும் கதைப்பதில்லை. ஊரிலிருந்து வருகிறவனுக்குக் குளிர் முதல் நாளே தெரிந்துவிடும். வசந்தம் தெரிய வருஷங்கள் எடுக்கும். வேலையை விட்ட பிறகு, சூரிச் நகரத்தின் வசந்தம் எங்கிருந்து வந்தது என்று ஆற அமர இருந்து படித்துப் பார்த்தேன். பூக்களைப் பற்றிய சரித்திரமாக இருக்கும் என்று நினைத்துத்தான் தொடங்கினேன். கடைசியில் அது வேலை நேரத்தின் சரித்திரமாக இருந்தது. எங்கள் தலைமுறைக்கும் அதில் ஒரு பங்கு உண்டு என்பதால் எழுதி வைக்கிறேன்.

முதலில் ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். பெரும்பொழுது ஆறு என்றும், சித்திரையும் வைகாசியும் இளவேனில் என்றும் பள்ளிக்கூடத்தில் பாடமாக்கியவர்கள் நாங்கள். ஆனால் யாழ்ப்பாணத்தில் சித்திரை என்றால் வெயில் கொளுத்தும், கிணற்றில் தண்ணீர் கீழே போகும். வேப்பம்பூவும் வருடப்பிறப்பு மருத்துநீரும்தான் அந்த மாதத்தின் அடையாளம். பகல் நீளுவதையோ குறுகுவதையோ நாங்கள் கவனித்ததில்லை. கவனிப்பதற்கு அங்கே பெரிதாக ஒன்றும் நடப்பதுமில்லை. யாழ்ப்பாணத்தில் ஆகக் கூடிய பகலுக்கும் ஆகக் குறைந்த பகலுக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மணித்தியாலத்துக்குச் சற்று மேல்தான். சூரிச்சில் டிசம்பர் கடைசியில் பகல் எட்டரை மணித்தியாலம். ஜூன் கடைசியில் 16 மணித்தியாலம். ஆறு மாதத்தில் பகல் ஏறக்குறைய இரட்டிப்பாகிறது.

ஜேர்மன் மொழியில் வசந்தத்துக்கு ‘ஃபுரூலிங்’ என்று பெயர். ‘முந்தி வருவது’ என்ற பொருளில் பிறந்த சொல். அதைவிடப் பழைய சொல் ஒன்று உண்டு: ‘லென்ஸ்’. அது ‘நீளம்’ என்ற சொல்லோடு உறவுடையது, பகல் நீளும் காலம் என்று பொருள். அந்தச் சொல்லைப் பார்த்த பிறகுதான் இந்த ஊர்ச் சனம் மார்ச் மாதத்தில் ஏன் வேறு முகத்தோடு திரிகிறார்கள் என்று விளங்கியது. அவர்கள் பூவுக்காகக் காத்திருந்ததைவிட வெளிச்சத்துக்காகக் காத்திருந்ததுதான் அதிகம்.

இனிச் சரித்திரத்துக்கு வருவோம். 1336இல் ருடோல்ஃப் புருன் என்பவர் சூரிச்சின் பழைய நகரசபையைக் கவிழ்த்து, கைத்தொழில் செய்வோருக்கு ஆட்சியில் இடம் கொடுத்தார். ரொட்டி சுடுவோர், தச்சர், தையற்காரர், தோல் பதனிடுவோர், கொல்லர், படகோட்டிகள் என்று தொழில்வாரியாக 13 குழுக்கள் அமைந்தன. ‘சுன்ஃப்ட்’ என்று அவற்றுக்குப் பெயர். மின்சாரம் இல்லாத காலம். மாரியில் வெளிச்சம் இருக்கும் வரைதான் பட்டறையில் வேலை செய்யலாம். இருட்டியதும் வேலை தானாக நின்றுவிடும். கோடையில் அந்தக் கடிவாளம் இல்லை. விட்டால் முதலாளி இரவு ஒன்பது வரைக்கும் வேலை வாங்கலாம். அதனால் ஒரு வரம்பு வந்தது. வசந்த காலத்தில் பகலும் இரவும் சமமாகும் நாளுக்குப் பின், முதல் திங்கட்கிழமையிலிருந்து மாலை ஆறு மணிக்குத் தேவாலய மணி அடிக்கும். அத்தோடு வேலை முடிந்தது.

அந்த மணியின் அர்த்தத்தை யோசித்துப் பாருங்கள். ஐந்தாறு மாதமாக வேலை முடிந்து வெளியே வந்தால் இருட்டு. அன்றைக்கு முதல் தடவையாக, வேலை முடிந்த பிறகும் வெளிச்சம் மிச்சமிருக்கிறது. அந்த வெளிச்சம் முதலாளிக்குரியதல்ல, வேலைக்காரனுக்குரியது. அதைத்தான் கொண்டாடினார்கள். ‘சேக்சிலூட்டே’ என்ற பெயருக்கே ஆறு மணியின் மணியோசை என்றுதான் பொருள்.

இன்றைக்கு நாங்கள் பார்க்கும் பியோக் என்ற பனிமனிதப் பொம்மை பிறகு வந்து ஒட்டியது. நகரத்தின் ஒரு பகுதியில் சிறுவர்கள் வைக்கோல் பொம்மைகளை இழுத்துக்கொண்டுபோய் எரிக்கும் வழக்கம் தனியாக இருந்தது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் அது சுன்ஃப்ட்காரர்களின் ஊர்வலத்தோடு சேர்ந்துகொண்டது. 1902இல் ஏரிக்கரையில், பெல்வூவுக்குப் பக்கத்தில் எரித்தார்கள். உயரமான விறகுக் குவியலின் மேல் பியோக்கை நிறுத்தி, சரியாக ஆறு மணிக்கு மணி அடிக்கும்போது தீ வைப்பார்கள். உள்ளே வெடி வைத்திருக்கும். தலை எத்தனை நிமிடத்தில் வெடிக்கிறதோ அதைக்கொண்டு கோடை எப்படி இருக்கும் என்று சோதிடம் சொல்வார்கள். 2003இல் ஐந்து நிமிடம் 42 செக்கனில் வெடித்தது. அந்த வருஷக் கோடையில் ஐரோப்பாவே வெந்தது. 2023இல் 57 நிமிடம் சுணங்கியது. 2024இல் பலத்த காற்று வீசியதால் எரிக்கவே முடியவில்லை. பிறகு ஜூன் மாதத்தில் அப்பென்செல் பகுதியில் ஹைடன் என்ற ஊரில் கொண்டுபோய் எரித்தார்கள். எங்கள் பல்லி சோதிடத்தைவிட இதில் விசேஷமாக ஒன்றுமில்லை. ஆனாலும் ஊரே கையில் மணிக்கூட்டைப் பார்த்தபடி நிற்பது பார்க்க நல்லாயிருக்கும்.

நாளும் இடம் மாறியது. 1952 முதல் ஏப்ரல் மூன்றாம் திங்கட்கிழமை என்று வைத்திருக்கிறார்கள். ஈஸ்டரோடு முட்டினால் வேறு கிழமைக்குத் தள்ளுவார்கள். அதாவது பெரும்பாலான வருஷங்களில் எங்கள் சித்திரை வருடப்பிறப்புக்குப் பிறகு ஒரு கிழமைக்குள் பியோக் எரியும். இந்த ஒற்றுமையை முதலில் கவனித்தபோது எனக்கு ஒரு சந்தோஷம்.

கொண்டாட்டம் மிஞ்சியது, அதன் காரணம் கைமாறியது. 1798இல் பிரெஞ்சுப் படை வந்தபோது சுன்ஃப்ட்களின் பழைய ஆட்சி முறிந்தது. பிறகு அவை வசதியுள்ள குடும்பங்களின் கழகங்களாயின. இன்றைக்கு வெல்வெட் தொப்பியோடு குதிரையில் வருகிறவர்களில் வங்கி அதிகாரியும் வழக்கறிஞரும் இருப்பார்கள். ரொட்டி சுடுகிறவரைத் தேட வேண்டும். மணியின் பழைய கேள்வி, வேலை எத்தனை மணிக்கு முடியும் என்பது, அதற்குள் தொழிற்சாலைகளுக்குப் போய்விட்டது. எரிவாயு விளக்கு வந்ததும் இருட்டு யாரையும் காப்பாற்றவில்லை. 1877இல் மக்கள் வாக்கெடுப்பில் மயிரிழையில் நிறைவேறிய தொழிற்சாலைச் சட்டம் ஒரு நாளுக்கு 11 மணித்தியாலம் என்று வரம்பு வைத்தது. 1890இல் எட்டு மணி நேர வேலை கேட்டு முதலாவது மே தின ஊர்வலங்கள் நடந்தன. 1918 நவம்பரில் நாடு தழுவிய வேலைநிறுத்தம். அடுத்த வருஷம் தொழிற்சாலைகளுக்கு வாரம் 48 மணித்தியாலம் என்று சட்டமாயிற்று.

ஆக, சூரிச்சில் இரண்டு வசந்த விழாக்கள்: ஏப்ரலில் குதிரைக்காரர்களுடையது, மே முதலாம் தேதி தொழிலாளருடையது. இரண்டும் பிறந்தது ஒரே வயிற்றில். இரண்டு பகுதியாருக்கும் ஆகாது. 2006இல் இடதுசாரி இளைஞர்கள் சிலர் பியோக்கையே திருடிக்கொண்டு போய்விட்டார்கள். மாற்றுப் பொம்மையைத்தான் எரித்தார்கள்.

மூன்றாவது வசந்தம் ஒன்றும் இருந்தது. அதற்கு ஊர்வலம் இல்லை. அது ரயிலில் வந்தது. நிலம் இளகிக் கட்டட வேலை தொடங்கும் மார்ச் மாதத்தில் இத்தாலியிலிருந்தும், பிறகு ஸ்பெயின், போர்த்துக்கல், யூகோஸ்லாவியாவிலிருந்தும் ஆயிரக்கணக்கான ஆண்கள் வந்து இறங்குவார்கள். ‘செசோனியே’ என்று பெயர், பருவகாலத் தொழிலாளி. 1934இல் நடைமுறைக்கு வந்த சட்டத்தின்படி வருஷத்தில் கூடினது ஒன்பது மாதம்தான் தங்கலாம். மனைவி பிள்ளைகளைக் கூட்டிவர முடியாது. மாரி தொடங்கத் திரும்பிப் போய்விட வேண்டும். இந்த நாட்டின் வீதிகளும் அணைக்கட்டுகளும் சுரங்கங்களும் அவர்கள் கையால் ஆனவை.

நான் வேலை செய்த குசினியில் புலியா பகுதியைச் சேர்ந்த இத்தாலியக் கிழவர் ஒருவர் இருந்தார். அறுபதுகளில் செசோனியேயாக வந்தவர். கியாசோ எல்லையில் ரயிலிலிருந்து இறக்கி, மேற்சட்டையைக் கழற்றி வரிசையில் நிற்கவைத்து, நெஞ்சைப் படமெடுத்துத்தான் உள்ளே விட்டார்களாம். “எனக்கு வசந்தம் என்றால் டெட்டோல் மணம்” என்று சிரித்துக்கொண்டு சொல்வார். சிரிக்காமல் சொன்ன கதையும் உண்டு. கூட இருந்த சிலர் பிள்ளைகளைக் களவாகக் கூட்டிவந்து, பகல் முழுக்கச் சத்தம் போடாமல் அறைக்குள் இருக்கப் பழக்கி வைத்திருந்தார்கள். ‘அலுமாரிப் பிள்ளைகள்’ என்று இன்றைக்கு இங்கே அதைப் பற்றிப் பேசுகிறார்கள். வெளியே செர்ரி பூத்துக் கிடக்க, ஜன்னலுக்குக் கிட்டப் போகக்கூடாது என்று வளர்ந்த பிள்ளைகள். அந்தச் சட்டம் முற்றாக ஒழிந்தது 2002இல்தான்.

நாங்கள் வந்தது எண்பதுகளில். 1983 ஆடிக்குப் பிறகு கொழும்பும் வேண்டாம் ஊரும் வேண்டாம் என்று கிளம்பியவர்கள். நான் 1985 புரட்டாதியில் வந்தேன், 27 வயது. அகதி விண்ணப்பம் கொடுத்தாயிற்று, முடிவு தெரியாது. வேலை செய்யலாம் என்றதும் கிடைத்த வேலை எல்லோருக்கும் கிடைத்த அதே வேலைதான்: ஒரு றெஸ்ரோரன்ற்றில் கோப்பை கழுவுவது. குசினி நிலத்துக்குக் கீழே. ஜன்னல் கிடையாது.

றெஸ்ரோரன்ற் வேலையின் நேரக் கணக்கு உங்களில் பலருக்குத் தெரியும். காலை ஒன்பதரைக்கு உள்ளே போனால் மத்தியானச் சாப்பாடு முடிந்து இரண்டு, இரண்டரைக்கு வெளியே விடுவார்கள். திரும்ப மாலை ஐந்தரை, ஆறுக்கு வரவேண்டும். பிறகு இரவு பதினொன்று. இடையில் விடும் நேரத்துக்கு ‘சிம்மர்ஷ்டுண்டே’ என்று பெயர், அறையில் இருக்கும் நேரம். அதற்குச் சம்பளம் இல்லை. வீட்டுக்குப் போய்வர நேரம் காணாதவர்கள் ரயில் நிலையத்தில் இருப்பார்கள். அப்படி நின்றவர்களைத்தான், வேலையில்லாமல் திரிகிற தமிழர்கள் என்று அந்தக் காலத்தில் சிலர் முறைத்துப் பார்த்தார்கள். அவர்கள் இரண்டு வேலைக்கு நடுவில் நின்றார்கள்.

அதனால் வசந்தம் எங்களுக்குப் பின்வாசலால், பெட்டியில் வந்தது. ஏப்ரல் தொடக்கத்தில் பேர்லவுக் என்ற காட்டு உள்ளி இலை. குசினி முழுக்க வெள்ளைப்பூடு வாசம். பிறகு வெள்ளை ஷ்பார்கெல், அதாவது அஸ்பரகஸ். கட்டுக் கட்டாக வரும். ஒவ்வொன்றையும் நுனியிலிருந்து அடிவரை தோல் சீவவேண்டும். சீவாமல் விட்டால் நார் பல்லில் மாட்டும். ஒரு பின்னேரத்தில் இருபது கிலோ சீவிய நாட்கள் உண்டு. பிறகு ரபார்பர் தண்டு, கடைசியாக ஸ்ட்ரோபெரி. ஜூன் 24, யோவான் பெருநாளோடு ஷ்பார்கெல் முடிந்துவிடும். அன்றைக்குத்தான் எங்கள் கணக்கில் வசந்தம் முடிந்தது.

1986 ஏப்ரல், மூன்றாம் திங்கள். மேலே சாப்பாட்டு மண்டபம் முழுக்க முன்பதிவு. நான் வேலைக்கு நடந்து வருகிறேன், நகரம் முழுக்கத் தேவாலய மணி. என்னோடு வந்தவர் சாவகச்சேரிப் பக்கத்து அண்ணர் ஒருவர், எனக்கு இரண்டு வருஷம் முந்தி வந்தவர். “என்னண்ணை, கோயில் திருவிழாவோ?” என்று கேட்டேன். “வேலை முடிஞ்ச மணியாம் தம்பி” என்றார். “ஆருக்கு?” என்றேன். “அவைக்கு. எங்களுக்குத் தொடங்கிற மணி. கெதியா நட.”

அண்ணர் பகிடியாகத்தான் சொன்னார். இத்தனை வருஷத்துக்குப் பிறகு படித்துப் பார்த்தால், அதைவிடச் சுருக்கமாக அந்த விழாவை யாரும் விளக்கியதாகத் தெரியவில்லை. ஒரு நகரம் ஆறு மணிக்கு வேலையை விட்டு வெளிச்சத்தில் உட்கார்ந்து சாப்பிட வேண்டுமென்றால், யாரோ சிலர் ஆறு மணிக்கு நிலத்துக்குக் கீழே இறங்கத்தான் வேண்டும்.

அந்த வசந்தம் அத்தோடு நிற்கவில்லை. அடுத்த சனிக்கிழமை, ஏப்ரல் 26, செர்னோபில். மாதக் கடைசியில் அந்த மேகம் சுவிஸுக்கு மேலேயும் வந்தது. மழை பெய்த கிழக்குப் பகுதியிலும் திச்சினோவிலும் கூடப் படிந்தது. கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மாரும் சிறு பிள்ளைகளும் புதுப் பாலையும் இலைக்கறிகளையும் தவிர்க்கும்படி அறிவித்தார்கள். வருஷம் முழுக்கக் காத்திருந்து வந்த பச்சை இலையைத் தொடப் பயந்து சந்தையில் சனம் நின்றது. எங்கள் குசினியில் சலாட்டை மூன்று தரம் கழுவச் சொன்னார்கள். பிறகு பெட்டியோடு கொட்டச் சொன்னார்கள். ஷெல்லுக்குப் பயந்து பங்கருக்குள் ஓடிப் பழகிய சனம் நாங்கள். மழைக்குப் பயப்படுகிற சனத்தைப் பார்த்து முதலில் விளங்கவில்லை. பிறகு அந்தக் கிழமை மேல்மாடிச் சுவிஸ்காரப் பெண் ஒருத்தி, கைக்குழந்தையோடு, வெயில் நன்றாக எறித்த நாளில் ஜன்னலை இறுக்கிச் சாத்திக்கொண்டு நின்றதைப் பார்த்தேன். அந்த முகத்தை எனக்குத் தெரியும். ஊரில் எத்தனையோ தாய்மாரிடம் பார்த்த முகம். இந்த நாட்டுக்காரர் ஒருவரை வேற்று மனிதராக நினைக்காமல் நான் பார்த்தது அன்றைக்குத்தான் முதல் தடவை.

மணிக்கூட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1978இல் கோடைநேரம் வேண்டாம் என்று சுவிஸ் மக்கள் வாக்களித்தார்கள். பால் கறக்கும் நேரம் மாறினால் மாடு கேளாது என்று கமக்காரர் சொன்னார்கள். 1980இல் ஜேர்மனியும் ஒஸ்திரியாவும் கோடைநேரத்துக்கு மாற, அந்த ஒரு கோடை முழுக்கச் சுவிஸ் தனித் தீவாக நின்றது. ரயில் அட்டவணைகள் குழம்பின. 1981இல் இவர்களும் மாற்றிக்கொண்டார்கள். இதனால் ஒரு வேடிக்கை. இன்றைக்குப் பியோக்குக்குத் தீ வைக்கும் ஆறு மணி, சூரியக் கணக்கில் ஏறக்குறைய நாலரை மணிதான். பழைய தச்சனும் கொல்லனும் எழுந்து வந்தால், இன்னும் ஒன்றரை மணி நேர வேலை இருக்கிறதே, ஏன் அதற்குள் மணி அடிக்கிறீர்கள் என்று கேட்பார்கள்.

என் மகள் பிறந்து ஏழு வயது ஆகும் வரைக்கும், ஞாயிறு தவிர, ஒரு மாலை நேரத்தில் அவளோடு வெளியே நின்றதாக எனக்கு நினைவில்லை. நான் போகும்போது பள்ளிக்கூடத்தில் இருப்பாள், வரும்போது நித்திரை. பிறகு வேறு வேலை கிடைத்து, பகலில் போய்ப் பின்னேரம் திரும்பக்கூடியதாயிற்று. இந்த நாட்டின் முழு முதியோர் ஓய்வூதியத்துக்கு 44 வருஷக் கட்டுப்பணம் வேண்டும். 21 வயதிலிருந்து கணக்கு. 27இல் வந்தவனுக்கு ஆறேழு வருஷம் துண்டு விழும். ஒவ்வொரு வருஷத்துக்கும் 44இல் ஒரு பங்கு கழியும். அந்தக் கணக்கைக் கடிதத்தில் விபரமாக எழுதி அனுப்புவார்கள். மாலை வெளிச்சத்தில் எத்தனை வருஷம் குறை என்பதை யாரும் எழுதி அனுப்புவதில்லை. எங்களில் பலருக்கு அதுவும் குறைதான். பிள்ளைகள் அதைச் சொல்லிக் காட்டுவதில்லை, நல்ல பிள்ளைகள். கேட்டால் சொல்லுங்கள்.

இப்போது எனக்குச் சிறு தோட்டத்துண்டு ஒன்று இருக்கிறது. பின்னேரம் அங்கேதான். ஆறு மணிக்குத் திராம் நிறைய, நகரத்தை நோக்கிப் போகிற முகங்களைப் பார்ப்பேன்: எரித்திரியர், போர்த்துக்கீசர், எங்கள் பிள்ளைகள் வயதுடைய சிலர். எங்கள் நேரத்துக்கு இப்போது அவர்கள் போகிறார்கள். கண்ணில் பட்டால் ஒரு தலையசைப்பு.

தோட்டம் வைத்திருக்கிறவர்களுக்கு ஒன்று: ஏப்ரலில் வெயிலைப் பார்த்து ஏமாறாதீர்கள். மே நடுப்பகுதியில் ‘பனிப் புனிதர்கள்’ என்று சில நாட்கள் உண்டு. கடைசி நாள் 15ஆம் தேதி, புனித சோபியாவுடையது. அது கழியும் வரைக்கும் இரவில் உறைபனி வரலாம். மிளகாய்க் கன்றையும் கத்தரிக் கன்றையும் அதுவரை ஜன்னலோரம் வைத்திருந்து, பிறகு நடுங்கள்.